ஒற்றை ஆணி

அயோவாவிலிருந்து பதினேழு மணி நேரம்,
ஒரே வேனில் பதினொரு பேர்.
லூசியானா எல்லை தாண்டி டெஸ்மண்ட் கண்ணாடியை இறக்கினான்.
சேறும் டீசலும் கலந்து ஒரு வாடை.
புயல் போய் ஏழு மாதம்.
போனது புயல் மட்டும்தான்.

தாளில் இருந்த முகவரி 216.
நிலையில் தொங்கிய பித்தளை எண் 216.
பூட்டு இல்லை, கதவே பாதிதான்.
ஆரம்பிக்கலாம் என்றேன்.
அந்த வாரம் நான்தான் தலைவி;
அதாவது, வேன் சாவியும் பட்டியலும் என்னிடம்.

முதல் நாள் ஃபிரிட்ஜ்.
திறக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.
டேப் சுற்றி நான்கு பேர் தூக்கினோம்.
படியில் அது ஒருமுறை சாய,
உள்ளே ஏதோ மெதுவாக இடம் மாறிப் படுத்தது.
மாரிட் வேலியோரம் ஓடினாள்.

இரண்டாம் நாள் சுவர்கள்.
ஊறிய ஜிப்சம் பலகைக்குக் கடப்பாரை வேண்டாம்,
ரொட்டி பிய்ப்பது போல் கையே போதும்.
எல்லா அறையிலும் நெஞ்சளவில் பழுப்புக் கோடு,
ஒரு நூல் கூட ஏறாமல் இறங்காமல்.
தண்ணீருக்கு மட்டம் பார்க்கவா சொல்லித்தர வேண்டும்?
பூசணம் பிடித்த பஞ்சை உருவினோம்,
தரைப்பலகை பெயர்த்தோம்,
ஆணி பிடுங்கினோம், பிடுங்கினோம்,
ஒரு வாளி நிறைய கோணல் ஆணி.

மாலையில்
எலும்பு மட்டும் மிஞ்சிய வீட்டின் முன்
படம் எடுத்துக்கொண்டோம்.
எல்லோரும் சிரித்திருக்கிறோம்.
அதை நான் யாருக்கும் காட்டியதில்லை.

மூன்றாம் நாள் மதியம் ஒரு பிக்கப் வந்து நின்றது.
ஓவிட் புரூசார்ட், இறால் பிடிப்பவர்,
வீடு மூழ்கியதிலிருந்து படகிலேயே தூக்கம்.
மிதியடி இருந்த இடத்தில்
பூட்ஸைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.
சமையலறைச் சுவர் வழியாகப்
படுக்கையறையைப் பார்த்தார், அதன் வழியாகத் தெருவை.
யார் கேட்டது என்றார்.

தாளை நீட்டினேன்.
படித்துவிட்டு வாசலுக்குப் போய்
கடைசி எண்ணை ஒரு விரலால் மேலே தூக்கிப் பிடித்தார்.
9.
விட்டார்.
6.
மேல் ஆணியைப் புயல் கொண்டுபோயிருந்தது.

ஒற்றைப்படை எல்லாம் இந்தப் பக்கம்,
இரட்டைப்படை எல்லாம் எதிர்ப்பக்கம்,
தெரு முழுக்க அப்படித்தான் இருக்கிறது.
நான் கணிதம் படிக்கிறவள்.

கத்துவார் என்று காத்திருந்தோம்.
கத்தியிருக்கலாம்.
"எப்படியும் இடிக்க வேண்டியதுதான்.
நானே செய்யலாம்னு இருந்தேன். மெதுவா."
குளியலறைப் பக்கம் ஒரு சுவர் மிச்சம்.
அதைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்.
கடப்பாரையைக் கொடுத்தேன்.

வேனில் போய் உட்கார்ந்தோம்.
ஓர் அடி கேட்டது.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு இன்னோர் அடி.
பதினொரு பேரில் ஒருவரும் ஃபோனை எடுக்கவில்லை.

நிஜமான 216 நேர் எதிரே.
யூலா தார்தார்,
மடக்கு நாற்காலியில்,
மடியில் எங்கள் குழுவின் கடிதம்.
பதினொரு காகிதக் கோப்பைகள் அடுக்கியபடியே இருந்தன.
"திங்கட்கிழமைன்னு சொன்னாங்க."
எங்களைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்,
கேட்டிருக்கக் கூடாது.
"பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.
என் வீட்டைவிட அவர் வீடு மோசம் போல,
முடிச்சிட்டு வரட்டும்னு விட்டுட்டேன்."

மிச்சம் இரண்டு நாள்.
சமையலறையும் ஒரு அறையும்தான் முடிந்தது.
மற்றதற்கு வேறு கல்லூரி வரும் என்றோம்.
எந்தக் கல்லூரி என்று அவள் கேட்கவில்லை.

கிளம்பும் காலையில்
டெஸ்மண்ட் வாளியைக் கிளறி
ஓர் ஆணியைக் கல்மேல் வைத்துத் தட்டினான்.
முழுதாக நிமிரவில்லை.
அதையே அடித்தோம்.
9 நின்றது, கொஞ்சம் சாய்வாக.
புரூசார்ட் அதற்குள் படகுக்குப் போயிருந்தார்.