பொய்க்கசிவு

பதினோராவது நாளும் கேஜில் அதே எண்:
பத்தின் மைனஸ் ஏழு.
உமையாளின் ஆய்வுக்கு வேண்டியது மைனஸ் ஒன்பது.
"ரெண்டுதானே குறையுது" என்றார்
கணக்குப் பிரிவு தண்ணீர்மலை, டீயை ஆற்றியபடி.
ரெண்டு இல்லை சார், நூறு மடங்கு.
சொல்லவில்லை. பில்லில் கையெழுத்து அவருடையது.

காரைக்குடியில் கத்திரி வெயில்.
சன்னலுக்கு வெளியே செம்மண் பறக்கிறது.
உள்ளே, கலத்துக்குள்,
ஒன்றுமில்லாததை உண்டாக்குவது என் உத்தியோகம்.

ஒன்றுமில்லாதது லேசில் கிடைப்பதில்லை.
அதற்கு நூற்றுப்பத்து கிலோ எவர்சில்வர் வேண்டும்
(பாத்திரக்கடைச் சரக்குக்குப் பங்காளி முறை),
செம்பு வளையங்கள்,
நிமிடத்துக்கு ஐம்பதாயிரம் சுற்று சுற்றும் பம்ப்.
கையுறை இல்லாமல் யாரோ தொட்ட ரேகை
வாரக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும்.

சகாயராணி ஹீலியம் குழாயைப் பிடித்தாள்,
நான் டிடெக்டரைப் பார்த்தேன்.
மேலிருந்து கீழே,
இணைப்புக்கு இருபது விநாடி,
மூச்சைக்கூட அளந்து விட்டோம்.
ஊசி அசையவில்லை.
மறுபடியும் மேலிருந்து.
அசையவில்லை.
வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை.

அப்படியானால்

இரவு, கழனிவாசல் வாடகை அறையில்
வரைபடத்தைத் திறந்தேன். தாள் பதினான்கு.
மாதிரியை ஏந்தும் தட்டு,
அதில் பன்னிரண்டு மரைக்குழிகள்,
எல்லாம் அடி மூடிய குழிகள்.
திருகு இறங்கி நின்ற இடத்துக்குக் கீழே
துவரம்பருப்பு அளவு காற்று.
அது மரை மரையாகச் சுற்றி ஏறி
கொஞ்சம் கொஞ்சமாகக் கலத்துக்குள் வருகிறது.
பங்குனிக் காற்று அது.
முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் போன அன்று,
தெருவில் கொட்டுச் சத்தம் அதிர அதிர
நான்தான் உள்ளே வைத்து முறுக்கினேன்,
டார்க் ரெஞ்சில், அளவு பிசகாமல்.

வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்.
சரிபார்த்தவர் என்ற கட்டத்திலும்.

செக்காலை ரோடு, அடைக்கலத்தின் லேத்.
"நல்ல திருகுல நட்டநடுவுல ஓட்டையா?
எல்லாரும் ஓட்டைய அடைக்கத்தான் மேடம் வருவாக."
ஒரு எம்எம் பிட் மூன்று உடைந்தது.
நான்காவதை எடுக்காமல்
திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பிறகு அதன் ஒரு பக்கத்தை
நீளவாக்கில் மெல்லச் சீவினான்.
"காத்து போக வழிதானே வேணும்?"

ஆமாம். அவ்வளவுதான்.
பதினோரு நாளாக எனக்கு வராத வாக்கியம்.

உமையாளிடம் சொல்ல
வண்டியில் வரும்போதே ஒத்திகை பார்த்தேன்.
டிராயிங்கில் பிழை, என்று ஒருமுறை.
என் பிழை, என்று ஒருமுறை.
இரண்டாவதைச் சொன்னேன்.
அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை.
"எத்தனை திருகு?"
"பன்னிரண்டு."
"எண்ணி எடு. உள்ளே ஒண்ணு விழுந்தா
உன்னையும் சேர்த்து வச்சு மூடிடுவேன்."

பன்னிரண்டையும் எண்ணினோம்.
சகாயராணி இரண்டாம் தடவை எண்ணினாள்.
மூடி, முறுக்கி, நூற்றைம்பது டிகிரியில்
இரண்டு நாள் சுட்டு, ஆறவிட்டோம்.

மணி மூன்று நாற்பது.
நாற்காலியிலேயே தூங்குகிறாள் சகாயராணி,
கையில் கழற்ற மறந்த ஒற்றைக் கையுறை.
நான் தாள் பதினான்கில் திருத்தம் எழுதுகிறேன்.
காரணம் என்ற கட்டம் சிறியது.
"காற்றுக்கு வழி" என்று எழுதினேன்,
அதற்கு மேல் இடமில்லை.

கேஜில் மைனஸ் எட்டு.
இன்னும் ஒன்பது இல்லை.
எண் இறங்கிக்கொண்டிருக்கிறது.