பூஜ்யத்தின் அகலம்

முதலில் ஒன்றுமில்லாததை அளக்க வேண்டும்.
பலகையைக் கறுப்புத் தாளில் சுற்றி,
தாள்மேல் டேப், டேப்மேல் டேப்,
ஊசிமுனை வெளிச்சமும் நுழையாதபடி பார்த்து,
குழாய்க்கு ஆயிரத்து ஐந்நூறு வோல்ட் கொடுத்து,
எதுவும் வராத நேரத்தில்
நீ என்ன சொல்கிறாய் என்று
ஒரு லட்சம் தடவை கேட்க வேண்டும்.

ஒரு லட்சம் தடவையும் ஒரே பதில் வராது.
பூஜ்யத்துக்கு ஓர் அகலம் உண்டு.

சோமனூரில் அது ஆறு புள்ளி நான்கு.

வாடகை குறைவென்று கல்லூரி பிடித்த கொட்டகை.
இந்தச் சுவரோடு பதினாறு தறி,
அந்தச் சுவரோடு எட்டு.
ஏதோ ஒரு மோட்டார் தூக்கிப் போட்டால்
என் திரையில் ஒரு முள்.
நவமணி எர்த் குழி வெட்டினான்.
கரியும் உப்பும் கொட்டி
தினம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம்,
தென்னங்கன்றுக்கு ஊற்றுவதுபோல.
ஆறு புள்ளி நான்கு
ஆறு புள்ளி ஒன்றானது.

மாசியில் தறிகள் நின்றன.
கூலிப் பேச்சு முறிந்ததென்று
கருமத்தம்பட்டி டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.
அன்று இரவு பதினொன்றரைக்கு
அகலம் இரண்டு புள்ளி ஒன்று.
கைதட்டினேன்.
அந்தக் கொட்டகையில் என் கைதட்டலை
நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மியூவானுக்குக் கதவு தேவையில்லை.
தகரக் கூரை, என் உச்சந்தலை, மேசை,
ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பலகை,
தரை, தரைக்குக் கீழே பாறை,
எல்லாம் அதற்கு ஒன்றுதான்.
மேலே இருப்பதும் கீழே இருப்பதும்
பார்த்தோம் என்று சாட்சி சொன்னால்
நடுவில் இருப்பதை விசாரிப்பேன்.
ஆயிரத்தில் தொள்ளாயிரத்து எண்பத்தேழு முறை
பார்த்தேன் என்றது நான்காவது பலகை.
மீதிப் பதின்மூன்று எங்கே போயிற்று
என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
அதற்கு ஒரு பிழைக்கோடு போட்டு
அடுத்ததை ஏற்றினேன்.

நான்கு முடிந்தது, இன்னும் பதினொன்று.
இன்னும் இரண்டு வாரம் நின்றால் போதும்
என்று நினைத்தேன்.
நவமணியிடம்கூடச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள்
பக்கத்துத் தறிக்காரி சுந்தராம்பாள்
போனுக்குச் சார்ஜ் ஏற்ற வந்தாள்.
வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போய்வந்த கை;
சொருகிவிட்டுப் போன பிறகும்
சுவிட்சில் அந்த வாசம் இருந்தது.
போகும்போது கேட்டாள்:
"உங்களுக்கு வேல நடக்குதுங்களா அம்மணி?"
"நல்லா நடக்குதுங்க."
சொல்லி முடித்த பிறகுதான்
அந்த 'நல்லா' என் காதில் விழுந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பச்சை விளக்கு எரிகிறதா என்று
எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை ஆறேகால்.
பதின்மூன்றாவது பலகையில் இருந்தேன்.
ஒரு முள்.
சற்றுப் பொறுத்து இன்னொன்று.
ஏழு மணிக்குள் திரை முழுக்கக் கோரை.
பேசிய கூலி கிடைத்ததா,
பாதிதான் கிடைத்ததா,
அதைக் காட்டும் கருவி என்னிடம் இல்லை.

எஞ்சியதை அந்த இரைச்சலிலேயே முடித்தேன்.
பிறகு முதல் பலகையை எடுத்து
மறுபடி முதலிலிருந்து.
"மலை மேல தறி இருக்காதுங்க" என்றான் நவமணி.
"ஜெனரேட்டர் இருக்கும்" என்றேன்.
அது உண்மையும்தான்.

ஏட்டில் இப்போது இரண்டு பத்தி:
தறி நின்றபோது.
தறி ஓடியபோது.
பதினைந்து பலகையும் லாரி ஏறிப் போய்விட்டன,
இரண்டு பத்தியின் நகலோடும்.
நேற்று மலையிலிருந்து கேட்டிருக்கிறார்கள்,
தறி என்பது எந்தக் கருவி,
யார் தயாரிப்பு,
எத்தனை வோல்ட் என்று.

இன்னும் பதில் எழுதவில்லை.
சுவரில் கை வைத்துப் பார்க்கிறேன்.
அதிர்கிறது.