கழுத்தளவு

சாய்ந்தமருதில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறவள் நான்.
ஊரின் கழுத்தெல்லாம் என் கொப்பியில் இருக்கிறது:
பதினொன்றரை, பன்னிரண்டு, பதினாலேகால்.
என்னுடையதை மட்டும் அளந்ததில்லை.

நவம்பர் கடைசி. வெள்ளம் அந்த வருசம்
கணுக்காலோடு திரும்பிவிட்டது.
இடது காதுக்குக் கீழே நெறி கட்டியது,
முதலில் ஒரு சட்டைப் பொத்தான்,
பிறகு வரிசையாய் மூன்று.
அந்தியானால் காய்ச்சல்.
"பல்லுச் சூத்தையாக்கும்" என்றா உம்மா.
பல்லைப் பிடுங்கினோம்.
நெறி இருந்தது.

செஸ்ட் கிளினிக்கில் மூன்று தரம் சளி.
கையில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து,
சின்ன அடிமட்டம் வைத்து அளந்தார்கள்.
காசநோய் இல்லை. வெள்ளை அணு குறைவு.
அதற்குப் பிறகு யாரும்
எதையும் முழுசாகச் சொல்லவில்லை.
மருதமுனை மாமிதான் நானாவிடம்
"மகரகமவுக்கு எந்த பஸ்ஸில போற?"
என்று மெதுவாகக் கேட்டா.
நோயின் பெயருக்குப் பதிலாக
ஊரின் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம்.

கல்முனையில் ஒன்றை வெட்டி எடுத்தார்கள்.
கச்சான் கொட்டை அளவு, போர்மலின் போத்தலில்,
நானாவின் மடியில் மட்டக்களப்புக்குப் போனது.
களுவாஞ்சிக்குடி தாண்டி
பஸ் குலுங்கியபோதெல்லாம்
"நோகுதா?" என்று போத்தலிடம் கேட்க
வாயெடுத்தாராம்.

பதினேழு நாள்.
நாற்பத்திரண்டு வெள்ளைச் சட்டை தைத்தேன்.
ஒரு கொலர்கூடப் பிசகவில்லை.
அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

டொக்டர் யசோதரை
றிப்போட்டை இரண்டு தரம் வாசித்தா.
"புற்று இல்லை. கிக்குச்சி."
ஒரு யப்பான் டொக்டரின் பெயராம்.
அபூர்வமாம், ஆபத்தில்லையாம்,
வந்த மாதிரியே போகுமாம்.
நுணுக்குக்காட்டியில் என்ன தெரிந்தது என்று கேட்டேன்.
செத்த அணுக்களின் தூள்,
அதைக் கூட்டி அள்ளும் பெரிய அணுக்கள்.
இது எனக்கு விளங்கியது.
அசருக்குப் பிறகு எங்கள் கடை நிலமும் அப்படித்தான்,
நூல்முனை, துணிப்பிசிர், விளக்குமாறு.

"என்ட மெசினும் யப்பான்தானே" என்றேன்.
சிரிக்க வேண்டிய இடத்தில் உம்மா அழுதா.

ஆறு மாதத்துக்கொரு தரம் இரத்தம் பார்க்க வேண்டும்.
பின்னால் வேறொன்று வரலாமாம்,
வராமலும் விடலாமாம்.

இன்று கடை பூட்டிய பிறகு
கொப்பியின் கடைசித் தாளில் என் பெயரை எழுதி
நாடாவைச் சுற்றிப் பிடித்தேன்.
பதின்மூன்றே முக்கால்.
பென்சிலால் எழுதினேன்.