கேட்புக் கம்பி

நடுச்சாமம் ரெண்டு மணிக்கு
சிம்மக்கல்லில் ஆறடிக் கம்பியை ரோட்டில் ஊன்றி
மறுமுனையைக் காதெலும்பில் வைத்து நிற்பேன்.
ரோந்து போலீஸ் முதலில் பைத்தியம் என்றது.
இப்போதெல்லாம் என்னைக் கண்டால்
வண்டியை அணைத்துவிட்டுத்
தள்ளிக்கொண்டு போகிறது.

வார்ப்பிரும்பு பாடும்.
பிவிசி முனகும், அதுவும் கிட்டே போனால்தான்.
நெல்பேட்டைக்கு அடியில்
கல்நார்க் குழாய் ஒன்று இன்னும் கிடக்கிறது.
அது ஊமை. உடைந்து ரோடு குளமான பிறகு
தெரிந்துகொள்வோம்.

ஊசி நுழையும் ஓட்டைக்குக் கீச்சுக் குரல்.
மூட்டு விட்டுப்போனால் ஒத்துக்காரன் குரல்:
ஏறாது, இறங்காது,
விடியும்வரை ஒரே ‘ங்’.
தத்தனேரியில் ஒருமுறை
அந்த ‘ங்’கைத் துரத்திப் போய்த் தோண்டச் சொன்னேன்.
மூணடி. நாலடி. காய்ந்த மண்.
எதிர்வீட்டு முற்றத்தில்
முகூர்த்தத்துக்குச் சீவாளி பழக்கிக்கொண்டிருந்தார்
நாயனக்காரர் சித்திரவேல்.
அவருடைய ஒத்துக்காரர், தூக்கக் கலக்கத்தில்,
அணைசைத் தண்ணீர்க் குழாய்மேல் சாய்த்துவிட்டு
ஊதிக்கொண்டே இருந்தார்.

பால்துரைக்கு அன்று சிரித்துச் சிரித்து
இருமல் வந்தது.

பால்துரை வால்வுக்காரன்.
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு சுங்கான் வாங்கினான்,
யாரோ கடித்த பல்தடத்தோடு.
நாலு பீடியைப் பிரித்துத் திணித்து
மேல்நிலைத் தொட்டி ஏணியில் உட்கார்ந்து இழுப்பான்.
‘எஞ்சினியர் மாதிரி இருக்கேனா?’
‘அடைச்ச சாக்கடை மாதிரி இருக்க.’
நிஜமாகவே அடைத்துக்கொண்டால்
என் செம்புக்கம்பியைக் கேட்பான்.
குத்தி இழுத்தால் தாராக வரும்.
‘குழாய்னா அடைக்கத்தான் செய்யும்,
நீ சோலியப் பாரு.’

போன ஐப்பசியில் குரல் கம்மியது.
அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை,
ஊர்க்குழாய் எல்லாம் கேட்கிறவன்.

பெரியாஸ்பத்திரி, மூணாம் மாடி.
தொண்டையில் துளை, துளையில் வெள்ளைக் குழாய்.
மூக்கில் ஒன்று. கையில் ஒன்று.
கட்டிலுக்குக் கீழே பையில் போய் முடிகிற ஒன்று.
‘நாலு கனெக்சன்ணே, மீட்டர்தான் இல்ல’
என்றாள் செல்லக்கனி.
சிரித்தாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூச்சு உள்ளே போகையில் சீழ்க்கை.
திரும்பி வருகையில் கொழகொழப்பு.
பழக்கத்தில் என் தலை சாய்ந்து
காது அவன் கழுத்தருகே போய்விட்டது.
இருபத்திரண்டு வருசத்தில்
இப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

பேசணும்னா விரலால மூடணும் என்றார் நர்ஸ்.
புல்லாங்குழலுக்கும் விரல்தான்.
அதில் எடுத்தால் வேறொரு சுரம்,
இதில் எடுத்தால் வெறும் காற்று.

வால்வு திருகித் திருகிக் காய்த்த கட்டைவிரலைத்
தூக்கி,
தாடைக்குக் கீழே தடவித் தேடி,
துளைமேல் வைத்தான்.
தகரத்தில் மணல் உரசினாற்போல வந்தது:
‘செல்லூர்... யாரு தொறக்குறா?’

‘அங்குச்சாமி பையன்.’

விரலை எடுத்தான். கொஞ்ச நேரம் காற்று.
மறுபடி வைத்தான்.
‘அது எடத்திருகு.
அவன்ட்டச் சொன்னியா?’

சொல்லியிருக்கவில்லை.
போனைக் காதில் வைத்தபடி
படிக்கட்டில் இறங்கி ஓடினேன்.
மணி நாலே முக்கால்.
செல்லூரில் இந்நேரம்
குடங்கள் வரிசைக்கு வந்திருக்கும்.