நாவலடி, காலை ஐந்தே முக்கால்

காற்று: கச்சான்.
வாவியைத் தாண்டி, இந்த ஒரு கல்லெறி மணலைத் தாண்டி,
என் முதுகில் சுட்டுக்கொண்டு போய்
அலைகளின் நெற்றிமயிரைப் பின்னுக்குச் சீவுகிறது.

அலை: இடுப்பளவு. இடைக்கிடை நெஞ்சுக்கு.
ஏழு வந்தது, எண்ணினேன்.
மறுகா நெடுநேரம் ஒன்றுமில்லை.

திட்டு: போன மாரியில் முகத்துவாரம் வெட்டியபோது
வாவி வெளியே துப்பிய மணல் இன்னும் அங்கேதான்.
அதில் கால் தடுக்கி
தையல் பிரிகிற துணிபோல
வலப்பக்கமாக, நிதானமாக உடைகிறது.

ஆட்கள்: நான். ஒரு நாய்.

உங்கள் பொத்துவிலில் இந்நேரம்
ஓர் அலைக்கு நாற்பது பேர் நிற்பார்கள், இஹ்சான்.

பலகையின் மூக்கில் யோகரெத்தினம் வைத்த ஒட்டு காய்ந்துவிட்டது.
தோணிக்குப் பூசி மிஞ்சிய நீலம்.
"இதுக்கு எஞ்சினை எங்க பிள்ள பூட்டுற?" என்றார்.
காசு வாங்கவில்லை.

ஆனாலும் இறங்கவில்லை.
கரைவலை வளைத்திருக்கிறார்கள்,
நல்ல அலை உடைகிற அதே இடத்தில்.
வலை கிடக்கும்போது தண்ணீரில் கால் வைப்பதில்லை.
யாரும் எழுதி ஒட்டவில்லை, தெரியும்.

எட்டரைக்கு வங்கி.
கடலையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.
தெற்குக் கயிற்றில் ஓர் ஆள் குறைவு.
செபமாலைக்குக் காய்ச்சலாம்.
பலகையைக் கவிழ்த்துவிட்டு அவர் இடத்தில் போய் நின்றேன்.
முன்னால் நின்றவர் கிறுகிப் பார்த்தார்,
துப்பினார், இழுத்தார்.

கயிற்றில் அலை தெரிகிறது, இஹ்சான்.
பெரியது வருமுன்னம் கயிறு கொஞ்சம் தளரும்,
பிறகு தோளோடு ஒரு வெட்டு.
கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன்.
ஏழு.
ஏழையும் கரையில் நின்று விட்டுக்கொடுத்தேன்.

மடியில் சூடை, சாளை, ஒரு குவியல் சொறி, ஒற்றைச் செருப்பு.
பாரைக்குட்டி ஒன்றைப் பையில் போட்டு நீட்டினார்கள்.
பங்கு என்றார்கள்.
பையைச் சவுக்கில் தொங்கவிட்டேன்,
நாய்க்கு எட்டாத கிளை பார்த்து.

ஏழு பத்து.
கச்சான் செத்துக்கொண்டிருந்தது.
கொண்டல் எழும்பினால் எல்லாம் குழம்பிவிடும்.
உரிந்த உள்ளங்கையில் உப்பு பட்டதும் கத்தினேன்,
கேட்க ஆளில்லாததால் பலமாகவே.

இரண்டு கிடைத்தது.
இரண்டாவதில் எழும்பவே இல்லை,
முழங்காலில் வந்து சேர்ந்தேன்.

நாளைக்கும் கச்சான் இருக்குமாம்.
செபமாலைக்குக் காய்ச்சல் விடாது என்றும்
சொல்லிக்கொண்டார்கள்.