முப்பத்துநாலு பெட்டி

மூன்று பனிக்காலமாக
குன்வோரும் நானும் பேசிக்கொள்வதில்லை.
நான் இறக்கிய காட் மீன் நாற்பத்துமூன்று பெட்டி.
அவள் பேரேட்டில் ஏறியது முப்பத்துநாலு.
அவ்வளவுதான் பகை.
ரோஸ்ட் தீவில் இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை,
கடலும் சலிக்கிற பிப்ரவரியில்.

அன்றும் எடைமேடை ஓரம்
முள்ளைப் பார்த்தபடி நின்றேன், அவளைப் பாராமல்.
சுண்ணக்கட்டி விழுந்தது.
குனிந்த கை
தரையில் வேறெதையோ தேடியது.
எடுத்தாள். மறுபடி விழுந்தது.
"கதவுக்கு உப்புப் போட்டு நடக்கவிடு" என்றாள்
யாரிடமோ.
தோர்லைஃப் சிரித்தான். நானும்தான்.
அவளும் சிரிக்கத் திரும்பினாள்.
வாயின் இடப்பாதி வந்தது.
வலப்பாதி
வரவேயில்லை.

சூடாகக் குடித்தால் சரியாகும் என்று
காப்பியை நீட்டிய மடையன் நான்.
கடைவாய் வழியே அது
மஞ்சள் மேலங்கியில் வடிந்தது.
பதினோரு நிமிடம் போயிற்று அதில்.
இன்னும் எண்ணிப் பார்க்கிறேன் அந்தப் பதினொன்றை.

தொலைபேசியில் ஒரு பெண் குரல்:
இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள்.
ஒன்று நின்றது.
மற்றது ஈரக் கயிறாக இறங்கியது.
குடிக்க எதுவும் தராதீர்கள்.
கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தாள்?

யாருக்கும் தெரியவில்லை.
அவளோடு பேசாத எனக்குத் தெரிந்தது.
ஏழு பத்துக்கு என் பெட்டிகளை எண்ணினாள்,
உதடு அசைய.
அவள் எண்ணுவதையே
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழு பத்து என்று
அதே சுண்ணக்கட்டியால்
அவள் சட்டைக்கையில் எழுதினேன்.

ஹெலிகாப்டர்
காற்று ஒரு நூல் இறங்கும்வரை வராது,
வந்தது.
போடோ மருத்துவமனையில்
முதலில் படித்தது அந்தச் சட்டைக்கையைத்தானாம்.
தலையைப் படமெடுத்தார்கள்.
கசிவில்லை, அடைப்பு.
கசிந்திருந்தால் கரைக்கும் மருந்தே கொன்றிருக்கும்.
நேரம் இருந்தது. ஏற்றினார்கள்.
கட்டி கரைந்தது,
முழுசாக அல்ல.

மூன்றாம் வாரம் போனேன்.
அவள் தங்கைக்கு மீன் கொண்டுபோகிற சாக்கு.
ஜன்னலோரம், வலக்கையை மடியில் வைத்து
யாரோ மறந்துவிட்டுப்போன பொட்டலத்தைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்தாள். என்னைக் கண்டாள்.
நீர் என்று சொல்ல முடியாத வாயிலிருந்து
முழு வசவு ஒன்று வந்தது,
ஓரெழுத்தும் குழறாமல்.
தாதி கைதட்டினாள்.

வசவும் எண்ணிக்கையும் வேறு அறையில் இருக்கும்,
வெள்ளம் அங்கே ஏறவில்லை என்றார்
பேச்சுப் பயிற்சி தருகிற இங்கூன்.
நாலு மாத்திரை என்று சொல்ல
குன்வோர் ஒன்றிலிருந்து ஏறிவரவேண்டும்.
வியாழனைச் சொல்ல திங்களில் தொடங்கவேண்டும்.
துணிக்கவ்வி ஐம்பது,
பித்தான் ஆறு,
கைப்பிடிக் கம்பியோரம் எட்டு அடி, ஒன்பது அடி,
பிறகு ஓர் அழுகை, ஒருநாள் முழுக்க,
மறுநாள் ஆறு அடி மட்டும்.

மே மாதம்.
இரவு இல்லாமல்போன ஒரு சாயங்காலம் கேட்டேன்:
அன்றைக்கு எத்தனை பெட்டி, குன்வோர்?

ஒன்று, என்று தொடங்கினாள்.
இருபதில் மூச்சு வாங்கினாள்.
இருபத்தேழு நழுவியது,
திரும்பிப் போய் எடுத்துவந்தாள்.
முப்பது.
முப்பத்தொன்று.
நான் நாற்காலி நுனியில்.
முப்பத்துமூன்று.
முப்பத்துநாலு.

நின்றுவிட்டாள்.

மேலே ஏற முடியவில்லையா,
மனமில்லையா,
கேட்கவில்லை.
உதட்டின் வலப்பாதியும்
கொஞ்சம் வந்திருந்தது.