ஆடி மூன்றாம் ஞாயிறு

சபைச் சுவரில் புதுசாய் ஒரு பலகை.
பூ கூடாது. தோடு கூடாது. டிவி கூடாது.
ஆடிக்கூழ் கூடவே கூடாது.
பதினாலு வரி, நீலப் பெயின்ட்டில்.
வேண்டுமென்றே
இரண்டு முழம் கதம்பம் வைத்துக்கொண்டு
முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்ததும்
பாஸ்டர் ஜெபதுரையிடம் நேராகவே சொன்னேன்:
'காசிமேட்டில் கூடை சுமந்து
முடி கொட்டின உச்சி இது ஐயரே.
அவர் இறக்கிவெச்ச பாரத்த
நீங்க மறுபடி ஏத்தாதீங்க.'
கண்ணை மூடி
எனக்காக ஜெபித்தார். சத்தமாக.

தெருவுக்குள் நுழைந்தால்
அம்மன் கோயில் ஸ்பீக்கரில் ஓடுகள் அதிர்கின்றன.
வேப்பிலை கட்டிய அண்டாவில் மொண்டு
நாகபூஷணம் சொம்பை நீட்டுகிறாள்,
மேலே வெங்காயம், ஓரத்தில் முருங்கைக்கீரை.
'குடி ஸ்டெல்லா, வெயில்ல வந்துக்கீற.'
கல் கல்தான். கேழ்வரகு கேழ்வரகுதான்.
முப்பது வருஷமாய்க் குடிக்கிறேன்,
ஒரு நாளும் தொண்டையில் சிக்கியதில்லை.

உதட்டருகே கொண்டுபோனபோதுதான் பார்த்தேன்.
எதிர்வீட்டு ஜன்னலில் ஏகவல்லி.
போன ஆடியில் இதே தெருவில்
தீச்சட்டி ஏந்தி வந்தவள்.
மாசியில் ஞானஸ்நானம் எடுத்தவள்.
உடுக்கை ஏற ஏற
கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுக்கின்றன,
தோள் தானாய்த் துள்ளுகிறது.
கோயில் பக்கம் அவள் திரும்பவேயில்லை.
என் சொம்பையே பார்த்தாள்.

நான் குடித்தால் அவளும் இறங்கி வந்து குடிப்பாள்.
அவளுக்கு அது கேழ்வரகு இல்லை.
விடிய விடிய உட்கார்ந்து அழுவாள்.

சொம்பைக் கீழே வைத்தேன்.
'ஏன், உங்க ஐயரு திட்டுவாரா?'
'அவரா? அவர் சொன்னா ரெண்டு சொம்பு குடிப்பேன்.'
'அப்புறம் இன்னா?'
எதிர்வீட்டைக் கைகாட்ட மனசு வரவில்லை.
வயிறு சரியில்லை என்றேன்.
நாகபூஷணத்தின் முகம் சுருங்கியது.
அந்தப் பொய்க்குத் தனியாய்
மன்னிப்புக் கேட்கவேண்டும், இரண்டு பேரிடம்.

படியேறி ஏகவல்லி பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பேச ஒன்றும் தோன்றவில்லை.
கரகம் ஜன்னலைக் கடக்கும்வரை
என் மணிக்கட்டை அவள் விடவில்லை.
நாலு நகமும் பதிந்தன.
'இந்தப் பூவும் உறுத்துதா? எடுத்துடட்டுமா?'
'வேணாங்க்கா. வாசனையா இருக்கு' என்றாள்,
இன்னும் நடுங்கிக்கொண்டே.

நான் கூழ் குடிக்காத செய்தி
சாயங்காலத்துக்குள் ஜெபதுரை காதுக்குப் போய்விடும்.
பலகை ஜெயித்தது என்று நினைப்பார்.
நினைத்துக்கொள்ளட்டும்,
அடுத்த ஞாயிறு வரைக்கும்.